ஒன்பது படம் குனிந்து ஒரு தாவல்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எல்லா மாடிக்கும் படிதான். அதில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி, வங்கி, துணிக்கடை என்று ஊரில் இருக்கிற லிஃப்டுகளையெல்லாம் சரி பார்த்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்கப் படியேறி வருவார். கீழ்வீட்டுக்காரருக்கு இது அலுக்காத வேடிக்கை.

“என்ன சார், இன்னிக்கும் நம்ம லிஃப்ட் ரிப்பேரா?”

“ஆமா சார், பார்ட்ஸ் வரலை.”

கட்டடத்தில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர் என்றாகிவிட்டது. நான் எதிர்வீடு. அவரை அண்ணன் என்றும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பழைய ஆக்‌ஷன் வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து, எதில் என்ன நிறை, என்ன குறை என்று இணையத்தில் எழுதுவார். படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் எல்லோரும் சண்டைக்கு வருகிறவர்கள். இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதுவார். க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதைத் திருத்திக் கொடுக்கத்தான் நான் முதலில் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

முன்னறையில் பின்பக்கம் பெருத்த பழைய டிவி ஒன்று பாதி மேசையை அடைத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் துவைத்த துண்டு காயும். பழைய கேம் பெட்டிகள், சிக்கு விழுந்த ஒயர்கள், சாயம் போன ஜாய்ஸ்டிக்குகள். “இந்த வீட்டுல என் சாமான் வைக்க ஒரு அலமாரி, இந்தப் பாம்புக்கூட்டம் படுக்க ரெண்டு அலமாரி” என்பார் அண்ணி.

கேமை அவர் லிஃப்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். “பட்டனை அமுக்கினா பதில் வரணும், தம்பி. லிஃப்ட் எட்டாவது மாடியில இருக்கட்டும், வர நேரமாகட்டும். ஆனா பட்டன்ல விளக்கு உடனே எரியணும். எரியலைன்னு வை, மனுஷன் மறுபடி அமுக்குவான். அப்புறம் குத்துவான். அப்புறம் உதைப்பான். நல்லவனைக் கெட்டவன் ஆக்கறதே பதில் சொல்லாத பட்டன்தான்.”

பழைய கேம்களில் அவருக்குப் பிடித்தது, அவை ஆரம்பிக்கிற விதம். கதை சொல்லி, பாடம் நடத்தி இழுக்காது. போட்டதும் ஆள் நிற்பான். எதிரே ஒரு சோப்ளாங்கி எதிரி வருவான். அவன் மேல் மோதினால் என்ன ஆகும் என்பதை மோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “வாத்தியார் இல்லாமலே பாடம்” என்று எழுதினார் ஒருமுறை. பிடிக்காதவையும் உண்டு. திரையின் ஓரத்துக்குப் போய்த் திரும்பினால் செத்த எதிரி மறுபடி பிறந்து நிற்பது. நாம் வலது பக்கம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, திரை தன் பாட்டுக்கு இடது சுவரைக் காட்டுவது. தோற்றால் பத்தடி பின்னால் போகாமல் முதல் படியிலிருந்து ஏறவைப்பது. பழசு என்பதற்காக இதையெல்லாம் அவர் மன்னிப்பதில்லை. “பழசுன்னா உசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை. பழசு, அவ்வளவுதான்.”

எந்தக் குறையையும் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார்: கையா, கேமா? தோற்றது நம் கையின் தப்பா, கேமின் தப்பா? அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. பழக்கமில்லாத கைகளில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு, திரையை விட்டுவிட்டு அந்தக் கைகளைப் பார்ப்பார். ஆளுக்கொரு இடத்தில் விழுந்தால் கை. எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்தால் கேம். முதல் கை எப்போதும் அண்ணியுடையது. இரண்டாவது என்னுடையது. இரண்டும் உலக மகா மட்டமான கைகள் என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

அவரிடமும் ஒரு குறை உண்டு. படத்தைப் பற்றி எழுத அவருக்கு வராது. எந்த கேமாக இருந்தாலும் ‘படம்’ என்ற தலைப்பின்கீழ் ஒரே வரி: பார்க்க நன்று. நான் இழுத்துப் பார்த்தேன்.

“வேற ஏதாவது எழுதலாமேண்ணே?”

“நல்லா இருக்குன்னா நன்றுன்னுதானே எழுதணும்?”

நான் அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு நிறுவனத்திலிருந்து அவருக்கு போன் வந்தது. பழைய கேம்களைத் தூசு தட்டி, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி செய்து வெளியிடுகிறவர்கள். பேசியது ஒரு பெண். கையில் மசகு ஒட்டியிருந்ததால் அவர் ஸ்பீக்கரில் போட்டார், நாங்களும் கேட்டோம்.

“சார், உங்க பக்கத்தை முழுசாப் படிச்சேன். ‘மதிலேறி’ன்னு ஒரு பழைய கேம், நாங்க திரும்ப வெளியிடறோம். எதை மாத்தணும், எதைத் தொடக்கூடாதுன்னு நீங்க எழுதித் தரணும். நீங்க குறைன்னு சொன்னதை மாத்திடுவோம். சொல்லாததைத் தொடவே மாட்டோம்.”

சரி என்று சொல்லி வைத்த பிறகுதான் அவருக்கு முகம் மாறியது. மனைவியைப் பார்த்தார்.

“உங்க அண்ணன் கேம்!”

இருபது வருடத்துக்கு முன்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கேம் கம்பெனி நடத்தினார்கள். அது போட்டது ஒரே ஒரு கேம், இந்த ‘மதிலேறி’. அதற்குப் படம் வரைந்தவர் அண்ணியின் மூத்த அண்ணன். கேம் படுத்துவிட்டது, கம்பெனியும் மூடிவிட்டது. இப்போது பாடப்புத்தகங்களுக்கு இதயம், நுரையீரல், தவளையின் குடல் எல்லாம் வரைகிறார். எங்களுக்கு அவர் ஓவியர். கேம் படுத்ததற்குக் காரணம் அட்டைப்பெட்டியில் மை சரியாக ஒட்டாததுதான் என்று இன்றுவரை நம்புகிறவர்.

அடுத்த ஞாயிறு காலை அண்ணியை மேசைமுன் உட்காரவைத்தார் லிஃப்ட்காரர். கவசம் போட்ட ஒருவன் கோட்டை மதில்மேல் ஓட வேண்டும். காவலாளிகளை வெட்ட வேண்டும். மதில் இடிந்த இடங்களில் பள்ளத்தைத் தாவ வேண்டும். அண்ணி ஓடினார். வெட்டினார். முதல் பள்ளத்தில் விழுந்தார். மறுபடியும் அதே பள்ளம்.

“நான் அமுக்கறேன், இவன் குனிஞ்சிட்டே இருக்கானே! முதுகுவலியா இவனுக்கு? கடைக்கு வரச் சொல்லுங்க, தைலம் தர்றேன்.”

பிறகு நான். அதே பள்ளம். லிஃப்ட்காரர் எங்கள் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து ஒரு காகித ஓரத்தில் ‘தாவல்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். குனியும் படங்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் அவன் கால் தரையை விடுகிறது. அதற்குள் பள்ளம் வந்துவிடுகிறது.

அன்று மாலையே ஓவியர் வந்துவிட்டார். வாசலிலேயே குரல் கேட்டது.

“மாப்ளே! இந்தத் தடவையாவது என் பேரைக் கொட்டை எழுத்துல போடச் சொல்லு. போன தடவை எறும்பு ஊர்ற மாதிரி போட்டானுங்க.”

நாடா கட்டிய ஒரு பழைய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே பென்சில் படங்கள். ஒன்பது தாள்களை அடுக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் சர்ரென்று விட்டார். தாளில் ஒரு மனிதன் ஒரு காலை அகற்றி வைத்தான், கையை முழங்காலில் ஊன்றினான், மூச்சை உள்ளே இழுத்தான், குனிந்தான்.

“என் வாழ்க்கையில வரைஞ்சதுலேயே இதுதான் உருப்படி. ப்ரோக்ராம் எழுதினவன் மூணு படம் போதும்னான். சட்டையைப் பிடிக்காத குறை. ஒன்பதும் போட்டாத்தான் ஆச்சுன்னு ஒத்தக்கால்ல நின்னேன்.”

அண்ணி அந்தத் தாள்களை வாங்கி மறுபடி விட்டுப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது.

“அண்ணே, இது அப்பா.”

“பின்ன யாரு?”

அவர்கள் அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். பள்ளி விடுமுறைகளில் கிடங்கு வாசலில் உட்கார்ந்து ஓவியர் பார்த்துப் பார்த்து மனசில் வைத்திருந்த உடம்பு அது. அப்பாவுடைய போட்டோ என்று வீட்டில் இருப்பது ஒரு அடையாள அட்டையில் உள்ள முகம் மட்டும்தான். கழுத்துக்குக் கீழே அந்த மனிதர் இருப்பது இந்த ஒன்பது தாள்களில்தான்.

ஓவியர் படியிறங்கிப் போகிற சத்தம் ஓய்ந்ததும் அண்ணி கேட்டார்.

“காலையில தாவல்னு எழுதினீங்களே, அதை அனுப்பினா என்ன பண்ணுவாங்க?”

“குனியற படத்தையெல்லாம் தூக்கிடுவாங்க. ஒண்ணோ ரெண்டோ வெச்சுக்குவாங்க. சின்ன வேலை.”

“எழுதாதீங்க.”

“எழுதலைன்னா கேம் மறுபடியும் படுக்கும்.”

“படுக்கட்டுமே. அதுல நூறு குறை இருக்கு, அதையெல்லாம் எழுதுங்க. இதை மட்டும் விட்டுடுங்க. எங்கப்பாவைக் குறைன்னு எழுதி அனுப்புவீங்களா?”

“தாவலை விட்டுட்டு மத்ததை எழுதறது, ப்ரேக் பிடிக்காத லிஃப்டுக்குக் கண்ணாடி துடைச்சுக் குடுக்கற மாதிரி.”

“எல்லாத்துக்கும் ஒரு லிஃப்ட் வெச்சிருக்கீங்க!” என்று அண்ணி உள்ளே போய்விட்டார். நான் ஒற்றுப் பார்க்க எதுவுமில்லாமல் எழுந்து வந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவர் எழுதவில்லை. நிறுவனத்துப் பெண் போன் செய்தபோது, “கொஞ்சம் ஆடிப் பார்க்க வேண்டியிருக்கு” என்றார். உண்மையில் ஆடினார்தான். வேலைவிட்டு வந்ததும் கை கழுவிவிட்டு அதே முதல் மதிலை ஆடுவார். பள்ளம் வருவதற்கு வெகு முன்னாலேயே பட்டனை அமுக்கப் பழகிக்கொண்டார். பழகிய பிறகு பள்ளம் அவருக்குப் பள்ளமாகவே இல்லை. அந்த நிம்மதியில், “கைதானோ என்னவோ, தம்பி” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தானே தலையை ஆட்டிக்கொண்டார்.

கடைசியில், ஒளித்து எழுதுவதைவிட நேரில் சொல்லிவிடுவது மேல் என்று ஓவியரை வரவழைத்தார். பக்குவமாகப் பேச அவருக்குத் தெரியாது. வந்தவர் உட்காருவதற்குள் சொல்லிவிட்டார்.

“மச்சான், தாவல் லேட்டு.”

“என்னது?”

“குனியறது ரொம்ப நேரம் ஆகுது. பள்ளத்துல விழறாங்க. குறைன்னு எழுதணும். உன்கிட்ட சொல்லாம எழுத மனசு வரலை.”

ஓவியரின் முகம் கறுத்துவிட்டது.

“அது கனம்யா, கனம்! இரும்புக் கவசம் போட்டவன் வெட்டுக்கிளி மாதிரி துள்ளுவானா? நீ பட்டனைப் பார்த்து ஆடறவன், உனக்கு உடம்பு தெரியுமா? இத்தனை வருஷமா எழுதறியே, எவன் படத்தைப் பத்தியாவது ஒரு வரி ஒழுங்கா எழுதியிருக்கியா? ‘பார்க்க நன்று’! சுவத்துல போற பல்லிகூடத்தான் பார்க்க நன்று!”

லிஃப்ட்காரருக்கு இது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“நீ இதை ஆடியிருக்கியா மச்சான்?”

“நான் வரைஞ்சவன்.”

“ஆடியிருக்கியா?”

ஜெராக்ஸ் கடை மாடியில் ஓவியரின் மேசையில் அந்த மனிதன் தனியாகக் குனிந்து தாவி, குனிந்து தாவிக்கொண்டிருப்பான். மதிலும் இல்லை, பள்ளமும் இல்லை. அதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தான் வரைந்த கேமை அவர் ஒருநாளும் கையில் பிடித்ததில்லை.

“ஆடுண்ணே” என்று ஜாய்ஸ்டிக்கை நீட்டினார் அண்ணி. தன் அண்ணன் ஜெயித்துக் காட்டிவிடுவார் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஓவியர் ஓடினார். பள்ளத்தில் விழுந்தார்.

“அமுக்கினேனே!”

“அமுக்கினே. அவன் இன்னும் குனியறான்.”

மறுபடி விழுந்தார். நாற்காலி நுனிக்கு வந்தார். ஜாய்ஸ்டிக்கைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார், அப்படியாவது தாவுவான் என்பதுபோல. “தாவுடா! தாவுடா டேய்! யாருய்யா இவன், கக்கூஸுக்கு வந்தவன் மாதிரி சாவகாசமா குந்தறான்?”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. திரையில் அவன் மறுபடி மதிலின் தொடக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தான்.

லிஃப்ட்காரர் ஜாய்ஸ்டிக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். “பள்ளம் கண்ணுல படறதுக்கு முன்னாடியே அமுக்கணும்” என்று சொல்லிக்கொண்டே தாவினார். அடுத்த பள்ளம், அதற்கடுத்தது.

“பழகினா முடியுதுல்ல?” என்றார் ஓவியர், சுரத்தில்லாமல்.

“எனக்கு முடியும். பழகற வரைக்கும் மத்தவன் எதுக்கு இருப்பான்?”

மதிலின் முடிவில் ஒரு பெரிய இரும்புக் கதவு வந்தது. அங்கே காவலாளிகள் இல்லை. அவன் கையை வைத்தான். கதவு மேலே போய்விட்டது.

“என்னண்ணே இது?” என்றார் அண்ணி. “யானை நுழையற கதவை முறத்தைத் தூக்கற மாதிரி தூக்கறான்?”

“அதுக்கு வரைய நேரம் கிடைக்கலை. ரெண்டே படம். எல்லா நேரமும் தாவலுக்கே போயிடுச்சு.”

அண்ணி, குற்றம் சொல்வதுபோல இல்லாமல், நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்.

“அப்பா எப்பண்ணே தாவினாரு?”

“என்ன?”

“மூட்டை தூக்கத்தானே அப்படிக் குனிவாரு. அவரை எதுக்குப் பள்ளம் தாண்ட வெச்சே?”

ஓவியர் ஃபைலின் நாடாவை முடிச்சுப் போட்டார். அவிழ்த்தார். மறுபடி முடிச்சுப் போட்டார். “வர்றேன்” என்று எழுந்து போய்விட்டார்.

கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். போனை எடுக்கவில்லை. அண்ணிக்கு வீட்டில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கணவரைத் திட்டினார், டிவி மேலிருந்த துண்டைத் திட்டினார், தன் வாயையும் திட்டிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் அறிக்கையை எழுதினார். நிறை: ஆரம்பித்த உடனே ஆட்டம். காவலாளிகள் வாளை ஓங்குவது தெளிவாகத் தெரிகிறது. வெட்டுப் பட்டால் அது ஆடுபவரின் தப்புதான். குறை: தாவல். ‘படம்’ என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். பழக்கத்தில் ‘பார்க்க நன்று’ என்று தட்டி, அழித்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரே எழுதட்டும் என்று இருந்தது எனக்கு. வெகுநேரம் கழித்து இரண்டு விரல்கள் நகர்ந்தன.

‘ஒன்பது படத்தில் ஒரு ஆள் குனிகிறான். அவன் கனமான எதையோ தூக்கப்போகிறான் என்பது முதல் படத்திலேயே தெரிந்துவிடுகிறது. அடுத்து முழங்காலில் கை. அப்புறம் மூச்சு. தாவுகிறவன் இப்படிக் குனிய மாட்டான். இந்த உடம்பைக் கதவிடம் கொண்டுபோகவும். அங்கே எதிரி இல்லை. அங்கே ஆடுகிறவர் காத்திருப்பார்.’

எனக்கு அதில் திருத்த இரண்டு ஒற்றெழுத்துகள்தான் இருந்தன. ஆனால் அவர் அனுப்பவில்லை. “மச்சான் பார்க்கணும்” என்றார். நிறுவனத்துப் பெண் மறுபடி போன் செய்தாள். ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டேன் என்று வாய் கூசாமல் பொய் சொன்னார். ஒரு லிஃப்ட் மெக்கானிக் சொல்லக்கூடிய கடைசிப் பொய் அது.

ஓவியர் வந்தபோது கண்ணைச் சுற்றிக் கருவளையம். கட்டைவிரல் முழுக்கப் பென்சில் கறை. உட்காராமலே ஃபைலைப் பிரித்தார். அதே உடம்பு, அதே குனிவு. ஆனால் முழங்காலில் ஊன்றியிருந்த கை இப்போது கீழே நீண்டு, கதவின் அடிக்கம்பியைப் பிடித்திருந்தது. தோள் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. தாளை விட்டபோது, அந்த மனிதன் தூக்கினான்.

“கையை மாத்தினா தோள் மாறுது, தோள் மாறினா கழுத்து மாறுது. தூங்கலை” என்றார் எரிச்சலுடன். “தாவலுக்குப் பழசுலேருந்து ரெண்டு படம். அதுல ஒரு கோட்டைக் குறைச்சாலும் நான் பொல்லாதவன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. கதவுக்கு இது. ஒண்ணு மட்டும் எதுலயும் சேரலை, விட்டுட்டேன்.”

“எது?” என்றார் அண்ணி.

காலை அகற்றி வைத்து நிமிர்ந்து நிற்கிற படம். குனிவதற்கு முன்னால்.

“இதை நான் எடுத்துக்கவா?”

“எடுத்துக்கோ.”

லிஃப்ட்காரர் தான் எழுதியதை ஓவியரிடம் கொடுத்தார். ஓவியர் அதை நின்றபடியே படித்தார். ‘குறை: தாவல்’ என்ற இடத்தில் மூக்கைச் சுளித்தார். கீழே வந்து, படத்தைப் பற்றிய பகுதியை மறுபடி படித்தார்.

“மூச்சு தெரியுதா உனக்கு?”

“தெரியுது மச்சான்.”

“ம்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். “அனுப்பு.”

நிறுவனம் ஒத்துக்கொண்டது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க ஒரு மாதிரிப் பிரதி அனுப்பினார்கள். முதல் கை அண்ணியுடையது. ஓடினார், வெட்டினார், முதல் பள்ளத்தைத் தாவினார். தாவியதே தெரியாமல் அடுத்ததையும் தாவினார். மூன்றாவதில் விழுந்தார், அது கைதான், அவரே ஒப்புக்கொண்டார். பின்பு கதவு வந்தது. பட்டனை அமுக்கியதும் கதவின் அடிக்கம்பி லேசாக அதிர்ந்தது. விளக்கு எரிகிற மாதிரி உடனே ஒரு பதில் இருக்கட்டும் என்று லிஃப்ட்காரர் கேட்டு வாங்கியது அது. அதன் பிறகு அந்த மனிதன் கையை நீட்டினான், மூச்சை இழுத்தான், மெல்ல, மிக மெல்லக் குனிந்தான். அண்ணி பட்டனை விடவே இல்லை. கதவு ஏறியது.

யாரும் பேசுவதற்கு முன்னால் ஓவியர் பேசினார்.

“கதவுச் சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கு. இவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கறான், டிங்குன்னு கேக்குது. எழுது மாப்ளே. குறை.”

“அது அந்தக் காலத்துச் சத்தம், மச்சான். அதை மாத்தினா எல்லாச் சத்தத்தையும் மாத்தணும்.”

“பழசுன்னா மன்னிக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?”

“இது குறை இல்லைங்கறேன்.”

“உன் காதுல லிஃப்ட் மோட்டார் ஓடுது. உனக்கு எங்க கேக்கும்?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?” என்றார் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “தள்ளி நில்லுண்ணே, மறைக்காதே. அடுத்த கதவு வருது.”